ஐந்து குண்டு, ஒரு துளை

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் ஏலக்காய் விலைக்கு வரும்போது வியாபாரியின் கண் நிறத்தைப் பார்க்கும். வாய் இரண்டு எண்களைக் கேட்கும். காய் எத்தனை மில்லிமீட்டர்? லிட்டர் வெயிட் எவ்வளவு? 7 மி.மீ. சல்லடையில் விழாமல் நிற்க வேண்டும். ஒரு லிட்டர் கலத்தில் கொட்டினால் 435 கிராமாவது இருக்க வேண்டும். அப்போதுதான் அக்மார்க் கணக்கில் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்ற தரம் கிடைக்கும். குவியலில் நாலு காய் மட்டும் கொழுகொழுவென்று இருந்து பயனில்லை. முதல் கைப்பிடியும் கடைசிக் கைப்பிடியும் ஒரே சீராக இருந்தால்தான் அந்தச் சரக்குக்குத் தரப்பெயர் நிற்கும்.

குறிதவறாத ரைபிள் தோட்டாவின் இரகசியமும் இந்தச் சீர்தான். 300 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. 50 மீட்டர் போட்டியில் அது 10.4 மி.மீ. மட்டுமே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே இந்தியாவுக்கு வெண்கலம் பெற்றுத் தந்த 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் வட்டம் இதுதான். ஒரு தடவை அதில் சுடுவது யாருக்கும் நேரலாம். வீரருக்குத் தேவை, முதல் குண்டு போன வழியிலேயே அறுபதாவது குண்டும் போவது. அப்படிப் போகும்படி தொழிற்சாலையில் தனிக் கவனத்தோடு செய்யப்படுவது 'மேட்ச் கிரேடு' தோட்டா. சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் பல வீரர்கள் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, புது மருந்தும் குண்டும் வைத்துத் தாங்களே நிரப்பிக் கொள்கிறார்கள். ஒரு மேசை, ஒரு கைப்பிரஸ், ஒரு தராசு ஆகியவற்றை வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கில் உற்பத்தி செய்யும் ஆலையோடு போட்டி போடமுடியுமா?

முடியும். எப்படி முடிகிறது என்பதில் நல்ல இயற்பியலும் அதைவிட நல்ல கணக்கும் இருக்கின்றன. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே மருந்தின் அளவும் செய்முறையும் இங்கே வராது. குண்டு ஏன் விலகுகிறது, அந்த விலகலை எப்படிக் குறைக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

கெட்டித்துச் சுட்ட காலம்

தோட்டா வருவதற்கு முன் எல்லாத் துப்பாக்கியும் கையால் நிரப்பப்பட்டதுதான். குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்துக் கம்பியால் கெட்டித்து, மேலே ஈயக்குண்டைப் போடுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையோரங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டதாக இன்றும் செய்தி வருகிறதே, அது இந்த வகைதான். அதில் குறி தவறுவதற்குச் சுடுபவரின் கை மட்டும் காரணமில்லை. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கரியுமாகத் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அது குழலில் படிந்து அடுத்த குண்டின் பாதையை மாற்றுகிறது. குண்டு குழலைவிடச் சிறியது. உள்ளே இடித்து இடித்துத்தான் வெளியே வரும், கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் போகும். கம்பியால் கெட்டிக்கும் அழுத்தமும் ஒவ்வொரு தடவையும் வேறு. அளவு மீறினால் குழல் பிளந்து சுடுபவரின் கையைக் கொண்டுபோகும்.

இந்தக் குறைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்த வரலாறுதான் தோட்டாவின் வரலாறு. 1884-இல் பிரான்ஸில் பால் வியேல் புகையில்லா மருந்தைச் செய்தார். 1889-இல் ஏபலும் டீவாரும் பிரிட்டனில் கார்டைட் என்ற புகையில்லா மருந்தைக் கொண்டுவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. மலை ரயிலில் ஊட்டி போகிறவர்கள் அந்த ஊர் நிலையத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். இன்று மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் அங்கே உந்துமருந்து தயாராகிறது.

நாலு பொருள், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு

ரைபிள் தோட்டாவில் நாலே பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. ஊசி பிரைமரைத் தட்டினால் அதன் தீப்பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து வெடிப்பதில்லை, மிக வேகமாக எரிகிறது. எரியும் வாயு, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 4,000 மடங்கு வரை எழும்பிக் குண்டைத் தள்ளுகிறது. குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் புரிகள் குண்டைத் திருகிவிடுகின்றன. குண்டு வெளியே வருவதற்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்று அல்லது சற்றே கூடுதலான நேரம்தான் ஆகிறது.

அந்தக் குறுகிய நேரத்தில் எது மாறினாலும் குண்டின் வேகம் மாறும். வேகம் மாறினால் என்ன ஆகும்? நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 300 மீட்டரைக் கடக்க 0.42 நொடி போல எடுக்கும். அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 85 செ.மீ. கீழே இழுத்துவிடும். பார்வைக்கருவியில் இதற்கு ஈடு செய்துவிடலாம், எல்லாக் குண்டும் ஒரே அளவு விழுந்தால். ஒரு குண்டு மட்டும் 10 மீட்டர் வேகம் குறைந்து கிளம்பினால் அது 300 மீட்டரில் மற்றவற்றைவிட 2 செ.மீ. தாழ்வாகப் படும். 100 மீட்டரில் அந்த வித்தியாசம் 2 மி.மீ. மட்டுமே. ஆயிரம் மீட்டரிலோ 30 செ.மீ.யைத் தாண்டிவிடும். தூரம் கூடக்கூட வேக வித்தியாசம் செய்யும் தீங்கு தூரத்தைவிட வேகமாக வளர்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே மருந்தை ஒரே அளவாக வைக்க வேண்டும். இங்கே மறுபடியும் லிட்டர் வெயிட் வருகிறது. ஆலை இயந்திரங்கள் மருந்தைக் கொள்ளளவால் அளந்து ஊற்றுகின்றன. கலத்தில் ஏலக்காயைத் தட்டித் தட்டி நிரப்பினால் எடை கூடும், மெதுவாகக் கொட்டினால் குறையும்; மருந்துக் குருணையும் அப்படித்தான். உருண்டைக் குருணை சீராக வழியும். குச்சி குச்சியான குருணை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே மாட்டி இடைவெளி விடும். கையால் நிரப்புபவர் ஒவ்வொரு தடவையும் தராசில் நிறுத்துவிடுகிறார். அவருடைய தராசு 6.5 மில்லிகிராம் வித்தியாசத்தைக் காட்டினால், அது பெரிய ரைபிளில் வேகத்தை ஒன்றிரண்டு மீட்டர்தான் மாற்றும். அதற்குக் கீழே ஒரு குருணை, அரைக் குருணை என்று தேடிப் போவதில் 300 மீட்டர் வரை பலன் ஏதும் இல்லை.

சுழலும் குண்டின் மையம்

மருந்தைவிடக் குண்டுதான் பெரிய எதிரி. புரிகளால் திருகப்பட்ட குண்டு நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதன் எடை மையம் வடிவ மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 மி.மீ., விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். குழலுக்குள் இருக்கும் வரை அந்த மையம் வட்டமடித்துக்கொண்டே வருகிறது. குழலை விட்டு வெளிவந்ததும் வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் பக்கவாட்டு வேகம் ஒன்று அதற்குக் கிடைத்துவிடுகிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 16 செ.மீ. போல வரும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றும். ஆனால் 0.42 நொடியில் அது குண்டை ஏறக்குறைய 7 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரம் 5 செ.மீ.தான்! எந்தப் பக்கம் தள்ளும் என்பது அந்தக் குண்டு சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறையில்) எப்படித் திரும்பிப் படுத்திருந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் பார்வைக்கருவியில் இதற்கு ஈடு செய்ய வழியே இல்லை.

அமெரிக்காவில் பிராங்க்ளின் மான் என்ற மருத்துவர், வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார். துப்பாக்கிக் குழலைக் கான்கிரீட் பீடத்தில் பூட்டி, கை நடுக்கத்தையும் கண் பிழையையும் அறவே நீக்கிவிட்டு, குண்டையே வேண்டுமென்று சிதைத்துச் சிதைத்துச் சுட்டுப் பார்த்தார். 1909-இல் வெளிவந்த அவருடைய நூல், குண்டின் சமநிலைக் குறையும் அதன் அடிப்பக்கச் சிதைவும் குறியைக் கெடுக்கும் விதத்தை விரிவாகக் காட்டியது. இன்று மேட்ச் குண்டு விலை கூடியிருப்பதன் காரணம் இதுதான்: அதன் செம்புறையின் கனம் சுற்றிலும் ஒன்றாக இருக்கும்படி செய்கிறார்கள். கையால் நிரப்புபவர் இந்தக் குண்டைத் தானே செய்வதில்லை, ஆலையில்தான் வாங்குகிறார். அவர் வெற்றியில் பாதி அந்த ஆலைக்குச் சேர வேண்டியது.

பெரியதை முதலில் பிடி

பல காரணங்களால் வரும் சிதறல் எப்படிக் கூடுகிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். எடுத்துக்காட்டுக்கு, ஒரு ரைபிளில் குண்டின் குறையால் 20 மி.மீ., குழலால் 15 மி.மீ., மருந்தின் ஏற்ற இறக்கத்தால் 5 மி.மீ. சிதறல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 மி.மீ. ஆகாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிதறல்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, பிறகு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 400, 225, 25 மூன்றையும் கூட்டினால் 650. அதன் வர்க்கமூலம் 25.5. மருந்தின் ஏற்ற இறக்கத்தை அடியோடு ஒழித்துவிட்டாலும் மொத்தம் 25-க்குத்தான் இறங்கும். அரை மில்லிமீட்டர் ஆதாயம். அதே நேரத்தில் குண்டின் குறையைப் பாதியாக்கினால் மொத்தம் 18.7-க்கு வந்துவிடும்.

இரவெல்லாம் உட்கார்ந்து மருந்துக் குருணையை எண்ணுபவர் தோற்பதும், நல்ல குண்டை வாங்கி வேலையைச் சுருக்கமாக முடிப்பவர் ஜெயிப்பதும் இந்தக் கணக்கினால்தான். உழைப்பின் அளவு விடையைத் தீர்மானிப்பதில்லை, எந்தப் பிழைமேல் உழைத்தோம் என்பதே தீர்மானிக்கிறது.

எல்லோருக்குமான தோட்டா, ஒருவருக்கான தோட்டா

ஆலையிடம் நல்ல குண்டு உண்டு, நல்ல கருவி உண்டு, படித்த பொறியாளர் உண்டு. அப்படியிருந்தும் கைத்தோட்டா அதை எட்டிப்பிடிப்பது எங்கே? ஆலைத் தோட்டா அந்த அளவுள்ள எல்லா ரைபிளிலும் நுழைந்தாக வேண்டும். ஒவ்வொரு ரைபிளின் சேம்பரும் மயிரிழை வேறுபடும். ஆகவே ஆலை, அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய சேம்பரிலும் இடமிருக்கும்படி தோட்டாவைக் கொஞ்சம் ஒடுக்கியே செய்கிறது. அகலமான சேம்பரில் அது சற்றே சாய்ந்து படுக்கிறது. குண்டு புரிக்குள் கோணலாக நுழைகிறது.

கையால் நிரப்புபவருக்கு ஒரே ஒரு ரைபிள்தான். அதில் ஒருமுறை சுட்ட கூடு, அழுத்தத்தால் ஊதி அந்தச் சேம்பரின் வடிவத்தையே அச்சாக எடுத்துக்கொள்கிறது. அதைத் திரும்பவும் நிரப்பினால் கனகச்சிதமாக உட்கார்கிறது. குண்டின் தோள் புரி தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் நிற்க வேண்டும் என்பதையும் அவர் தன் குழலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ள முடியும். ஆலைக்கு அந்த வசதி கிடையாது. கைத்தோட்டாவின் உண்மையான பலம் இந்தப் பொருத்தம்தான். கையில் எந்த மாயமும் இல்லை.

பித்தளையைப் புரிந்துகொள்வதும் இதில் ஒரு பங்கு. கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. ஒவ்வொரு தடவை சுட்டு, ஒடுக்கி, நிரப்பும்போதும் அதன் கழுத்து இறுகிக் கடினமாகிறது. இறுகிய கழுத்து ஒரு குண்டை விடாப்பிடியாகப் பிடிக்கும், இன்னொன்றை எளிதில் விட்டுவிடும், வேகம் மாறும். இறுக்கத்தில் மறைந்திருக்கும் ஆபத்தை உலகத்துக்குக் காட்டியது நம் நாட்டு மழைக்காலம்தான். பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் சுடாமலே வெடிப்பு விட்டன. அவற்றைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், கூட்டைச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும், ஈரமும் சேர்ந்து அதைப் பிளந்தன என்று 1921-இல் தெரியவந்தது. பக்குவமாகச் சூடேற்றி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் தீர்வாக அமைந்தது. இன்று கழுத்தின் பிடி சீராக இருப்பதற்காகச் செய்யும் பக்குவமும் சூடேற்றித் தளர்த்துவதுதான்.

அடிவாரமும் போடிமெட்டும்

ஒரே பெட்டியில் எடுத்த தோட்டா போடியில் ஒரு மாதிரியும் மலைமேல் வேறு மாதிரியும் பறக்கும். அடிவாரத்து முந்தலிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு சேர்ந்தால், ஊர் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர்போல உயர்ந்துவிட்டோம். காற்றழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். அடிவாரத்தில் 34 டிகிரி வெயில், மேலே 22 டிகிரி என்றால், குளிர் காற்று சற்றே கனமாவதையும் சேர்த்துப் பார்த்தாலும் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. தடை குறைவதால் குண்டு வேகத்தைத் தக்கவைத்துக்கொண்டு உயரமாகப் படும். எதிர்ப்பக்கத்தில், குளிர்ந்த மருந்து சற்று மெதுவாக எரிந்து தொடக்க வேகத்தைச் சில மீட்டர் குறைக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும், முழுவதுமாக அல்ல.

சரிவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 30 டிகிரிச் சரிவில் மேலேயோ கீழேயோ 300 மீட்டர் தள்ளி நிற்கும் இலக்குக்கு, கிடைமட்டத் தூரம் 260 மீட்டர்தான். குண்டின் வீழ்ச்சியைக் கணிக்க அந்த 260-ஐத்தான் ஏறக்குறைய எடுத்துக்கொள்ள வேண்டும். இதை அறியாமல் 300-க்கு வைத்துச் சுட்டால், ஏற்றமானாலும் இறக்கமானாலும் குண்டு உயரத்தான் போகும். சமவெளியில் தேர்ந்த சுடுநர்கூட மலையில் தடுமாற இது ஒன்றே போதும்.

மூன்று குண்டு சாட்சி சொல்லாது

கைத்தோட்டா ஆலைத் தோட்டாவுக்கு ஈடு என்று எப்படி நிரூபிப்பது? மூன்று குண்டு சுட்டு, மூன்றும் நெருங்கி விழுந்த அட்டையைக் காட்டுவதுதான் வழக்கம். புள்ளியியல் இதை ஏற்காது. ஒரே தோட்டாவை ஒரே ரைபிளில் மூன்று மூன்றாகச் சுட்டுக்கொண்டே போனால் குரூப்பின், அதாவது துளைக் கூட்டத்தின், அகலம் சராசரியாக 24 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே பத்துப் பத்தாகச் சுட்டால் சராசரி 38 மி.மீ. வரும். தோட்டா கெட்டுப்போகவில்லை, எத்தனை முறை சுடுகிறோமோ அத்தனைக்கு ஓரத்தில் விழும் குண்டு தலைகாட்ட வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே மூன்று குண்டு குரூப்பை இன்னொருவரின் பத்துக் குண்டு குரூப்போடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

வேகத்தின் கதையும் அப்படியே. வேகமானியில் ஐந்து குண்டு சுட்டு, திட்ட விலக்கம் நொடிக்கு 5 மீட்டர் என்று வந்தால், உண்மையான விலக்கம் 3-லிருந்து 14 வரை எங்கும் இருக்கலாம். அவ்வளவு பெரிய சந்தேகத்துக்குள் இரண்டு தோட்டாக்களில் எது மேல் என்று சொல்லவே முடியாது. இருபது, முப்பது குண்டு சுட்டு, ஓரத்தில் விழுந்ததையும் கணக்கில் சேர்த்து, 'அது என் கை நடுங்கியதால்' என்று எதையும் தள்ளாமல் எழுதுபவருக்கே விடை தெரியும். தள்ளிவிட்ட அந்த ஒரு குண்டுதான் போட்டியில் பதக்கத்தை எடுத்துக்கொண்டு போகும்.

நம் பிள்ளைகளுக்கு

உரிமம் இல்லாமல் கைநிரப்பலில் இறங்க முடியாத நம் வீரர்களுக்கு இதனால் என்ன பயன்? நிறையவே உண்டு. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிளில் பயன்படும் .22 தோட்டாவுக்குப் பிரைமர் தனியே கிடையாது. பற்றும் பொருள் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதை நடைமுறையில் யாரும் வீட்டில் நிரப்புவதில்லை. உலகச் சாம்பியனும் ஆலைத் தோட்டாவைத்தான் வாங்க வேண்டும். அவர்கள் செய்வது லாட் சோதனை. தங்கள் குழலைப் பூட்டுச் சட்டத்தில் பிணைத்து, ஒரே பெயர் கொண்ட தோட்டாவிலேயே வெவ்வேறு நாளில் செய்த லாட்டுகளைப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, அந்தக் குழலுக்குப் பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. அதற்கான ஈயப் பெல்லட்டுகளும் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தலை அளவு பிரித்தே விற்கப்படுகின்றன. எந்த அளவு தன் குழலுக்குப் பொருந்தும் என்று சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேனி மாவட்டத்தில் ஒரு பள்ளிப் பிள்ளை ஏர் ரைபிளைக் கையில் எடுத்தால், விலை உயர்ந்த உடையும் காலணியும் வாங்குவதற்கு முன் பயிற்சியாளர் அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்கட்டும். எந்த லாட், எந்த அளவு, எத்தனை குண்டு, எவ்வளவு அகலம், அன்று வெயில் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் அதில் ஏறட்டும். ஆலையில் உட்கார்ந்து மேட்ச் தோட்டா செய்பவரும், வெளிநாட்டில் மேசைமேல் கையால் நிரப்புபவரும் செய்வது இதைத்தான்: அளக்கிறார்கள், பிரிக்கிறார்கள், பெரிய பிழையை முதலில் நீக்குகிறார்கள், கிடைத்த எண்ணை மறைக்காமல் எழுதுகிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு உரிமம் வேண்டாம், செலவும் சொற்பம். அது வந்துவிட்டால், எந்தத் தோட்டா வாங்குவது என்று பிறர் வாயைப் பார்க்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு இருக்காது.